எதிர்த்துப் பேசுகிற பிள்ளைகள்

தஞ்சாவூர்ப் பக்கம் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற தமிழாசிரியர் பலரிடம் ஒரு நோட்டு இருக்கும். காமராசர் ஒரு பேச்சு, பாரதி ஒரு பேச்சு, பெண்கல்வி ஒரு பேச்சு, சுற்றுச்சூழல் ஒரு பேச்சு. அந்தந்தப் பள்ளியில் முன்னால் வேலை பார்த்தவர் எழுதியது, அவருக்கு அவருடைய ஆசிரியர் கொடுத்தது என்று கைமாறிக் கைமாறி வந்திருக்கும். அட்டை போயிருக்கும், பேச்சு போயிருக்காது. ஒரே போட்டியில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஒரே பத்தியை ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிட்டு இறங்க, கூட்டிவந்த ஆசிரியர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நோட்டுப் பேச்சை இளக்காரமாகச் சொல்லவில்லை. அது ஜெயிக்கும். ஒன்றிய அளவில் அநேகமாக ஜெயிக்கும். நல்ல குரல் உள்ள பிள்ளையாகப் பார்த்து, இரண்டு வாரம் மனப்பாடம் செய்யவைத்து, எந்த வரியில் கையை நீட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும். தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிற கோப்பைகளில் பாதி அப்படி வந்தவைதான். ஆனால் நோட்டுப் பேச்சால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் அதற்கு அங்கே பதில் இருக்காது.

வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியையாக இருந்தவள். பிள்ளைகளுக்கு ‘தமிழம்மா’. பணி ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் போய் உட்காருகிறேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் அணி மாவட்டத்தில் கொஞ்சம் பெயர் வாங்கிய அணி. அந்தப் பெயரை எப்படி வாங்கினோம் என்பதை எழுதும்படி பழைய மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் போட்டி என்றால் என்னென்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் மாவட்ட அளவில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சு என மூன்று போட்டிகள் நடத்துகிறது. முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தது 7,000, அதற்கடுத்தது 5,000. இது தவிர அண்ணா, பெரியார், காந்தி, நேரு, அம்பேத்கர், கலைஞர் பிறந்த நாள்களையொட்டிப் பேச்சுப் போட்டிகள். அவற்றில் பரிசு 5,000, 3,000, 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சிறப்புப் பரிசு. 2022-லிருந்து பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா வந்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று ஏறிப்போய் மாநிலத்தில் வென்றால் கலையரசன், கலையரசி பட்டம். இவை அரசு நடத்துபவை. கல்லூரிகளின் தமிழ்த் துறைகள், அரிமா சங்கம், ரோட்டரி, கோயில் திருவிழா, வங்கி விழா, தேர்தல் விழிப்புணர்வு, சாலைப் பாதுகாப்பு வாரம் என்று வெளியே நடப்பவற்றுக்குக் கணக்கே இல்லை. ஜூலை தொடங்கிப் பொங்கல் வரை ஏதாவது ஒரு மேடை இருந்துகொண்டே இருக்கும். இந்த மாதங்கள் எங்கள் ஊரில் குறுவை நட்டு, அறுத்து, சம்பாவும் தாளடியும் பச்சை கட்டி நிற்கிற மாதங்களும்கூட. வீட்டில் ஆள் தேவைப்படும்போது பிள்ளை போட்டிக்குப் போகிறேன் என்று நின்றால், முதல் வாதமே வீட்டில்தான்.

முதல் வாரம் நான் பேச்சே சொல்லிக்கொடுப்பதில்லை. ஒலி மட்டும்தான். வாழைப்பழமும் கிழவியும் வருகிற நாப்பிறழ் பயிற்சியெல்லாம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு மூட்டுமே தவிர நாக்கைத் திருத்தாது. நான் பஸ் ரூட்டைச் சொல்லச் சொல்வேன். வல்லம், விளார், வழுத்தூர். மூன்று லகரமும் மூன்று ஊரில் இருக்கின்றன. வழுத்தூரை வளுத்தூர் என்று சொன்னால் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிடுவார், நான் கொடுக்க மாட்டேன். திருப்பழனம், பழையாறை, சோழன்மாளிகை என்று ழகரத்துக்கே தனி ரூட் வைத்திருந்தேன். நன்னிலத்துக்கும் திருக்கண்ணமங்கைக்கும் நடுவில் நாக்கு எங்கே போய்த் திரும்புகிறது என்று கவனிக்கச் சொல்வேன். ஊர்ப் பெயரில் யாரும் நடிக்க முடியாது. மாமா வீடும் அத்தை வீடும் இருக்கிற ஊர்கள். இயல்பாக வரும். அந்த இயல்பு கெடாமல் மற்ற சொற்களுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது குரலை இறக்குவது. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு மேடை என்றால் ஒலிபெருக்கி, ஒலிபெருக்கி என்றால் அரசியல் கூட்டம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட ஏறியவுடன் வயதான தலைவரின் கரகரப்பை வரவழைத்துக்கொள்ளும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரி பேசு என்பேன். கேட்காதே அம்மா என்பார்கள். கேட்கிற மாதிரி சொல்ல ஏதாவது இருந்தால் கேட்கும் என்பேன்.

வணக்கம் வைக்கிற விஷயத்தில் நான் கொடுமைக்காரி என்று பெயர். தமிழன்னையை வணங்கி, சபையை வணங்கி, மேடையில் இருப்பவர்களை வரிசையாக வணங்கி, வாய்ப்பளித்தவர்களுக்கு நன்றி சொல்லி முடிக்கையில் ஐந்து நிமிடத்தில் முக்கால் நிமிடம் போயிருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே வரி வணக்கம். மரியாதை இல்லை என்று மதிப்பெண் குறைத்த நடுவர்கள் உண்டு. குறைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தேன். காரணம் கணக்குத்தான். ஐந்து நிமிடம் என்று அறிவித்த போட்டி, சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் மூன்று நிமிடம் ஆகும்; மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் இரண்டு நிமிடம் ஆகும். ஒரு முறை எங்கள் பெண் மேடையேறிய பிறகு, “ஒரு நிமிஷத்துல முடிச்சிடும்மா” என்றார்கள். அவள் முடித்தாள். இரண்டாம் பரிசு. அவளுக்குக் கைவசம் ஐந்து நிமிடப் பேச்சும் இருந்தது, அதே பேச்சு ஒரு நிமிடத்திலும் இருந்தது. எதை விட்டால் வீடு நிற்கும், எதை விட்டால் விழும் என்று தெரிந்திருந்தது.

பிள்ளைகளிடம் வருகிற தயக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாம் கிராமத்துப் பள்ளி, டவுன் கான்வென்ட் பிள்ளைகள் வருவார்கள், நம்மால் ஆகுமா? இதற்கு நான் தன்னம்பிக்கைப் பாடம் எடுப்பதில்லை. வலங்கைமான் தெரியுமா என்று கேட்பேன்.

“வலங்கைமான்னா வெடி, அம்மா. தீபாவளிக்கு அங்கதான் வாங்குவோம்.”

“பாடைக் காவடியும் உண்டும்மா.”

அந்த வலங்கைமானில் 1869-இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, மாயவரத்தில் வாத்தியாராக வேலை பார்த்தவர்தான் சீனிவாச சாஸ்திரி. 1921-இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் போனவர், ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் பேசியவர், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் வெள்ளி நாவுடையவர் என்று பட்டம் சொன்னவர். நடுக்காவேரியில் ஓர் உழவர் வீட்டுப் பையன் கல்லூரி வாசல் மிதிக்காமல், சொந்தமாகப் படித்தே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வை முடித்தார். அவர்தான் பின்னால் நாவலர் ந.மு. வேங்கடசாமி நாட்டார். திருவாரூரில் பள்ளிப் பையனாக இருந்தபோதே கலைஞர் மாணவர்களைச் சேர்த்து அமைப்பு வைத்து, ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்து ஏடு நடத்தினார். அவரை மேடைப்பக்கம் இழுத்தது பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் பேச்சு. 1911-இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் நம் தஞ்சாவூரில் பஸ் போகிற வழியில் இருக்கிறது. அதற்கும் முன்னால் போனால், மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவில் வாதம் செய்யத் தெரிந்தவர்கள் ஏறுவதற்கென்று பட்டிமண்டபம் இருக்கிறது. காவிரி கடலில் கலக்கிற இடத்தில் விழா வைத்தால் அதில் ஒரு பந்தல் வாதத்துக்கு. கோட்டைக்கு வெளியே இருந்து நுழைபவர்கள் நாம் இல்லையடா, வீட்டுக்காரர்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முதுகு நிமிரும்.

ஆனால் இந்தப் பெருமையில் ஒரு பள்ளமும் இருக்கிறது. இத்தனை பேச்சாளர்களைக் கொடுத்த மண்ணில் பேச்சு நிறைய இருக்கிறது, மறுபேச்சு குறைவு. பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்றால் ஒவ்வொரு பிள்ளையாக ஏறிப் பேசிவிட்டு இறங்குவது. முன்னால் பேசியவள் என்ன சொன்னாள் என்று அடுத்தவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவன் மரத்தடியில் நின்று தன் பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருப்பான். பட்டிமன்றத்தில் இரண்டு அணி இருக்கிறதே என்றால், தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களைப் பார்த்துப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது நகைச்சுவைத் துணுக்கை மட்டும்தான். குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்த காலத்துப் பட்டிமன்றங்களைக் கேட்டவர்கள் சொல்வார்கள், வாதத்தின் கனத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார் என்று. அவரும் மாயவரத்துப் பக்கத்தில் நடுத்திட்டில் பிறந்தவர். இப்போது தீர்ப்பு பாதிக்குப் பாதி இரண்டு பக்கமும் சமம் என்று முடிகிறது. யாருக்கும் மனம் நோகாது, யாரும் எதையும் மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

இலங்கையில் இது வேறு மாதிரி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளிகளில் விவாத அணி என்பது கிரிக்கெட் அணி போல நிலையான ஏற்பாடு. தலைவர் உண்டு, பள்ளிக்கும் பள்ளிக்கும் பல வருடப் போட்டி உண்டு. உலக அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான விவாதப் போட்டி 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம், கடைசியில் நான்கு நிமிடம் தொகுப்புரை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் மட்டும் கேட்கக் கூடாது. தலைப்புகளில் பாதி முன்கூட்டியே தருவார்கள், பாதி ஒரு மணி நேரத்துக்கு முன்னால். 2019-இல் பாங்காக்கில் இந்திய அணி இந்தப் பட்டத்தை வென்றது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் விதிமுறைக்கு மொழி கிடையாது என்று எனக்குத் தோன்றியது. அந்த விதிகளை எங்கள் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு அறைக்குக் கொண்டுவந்தேன்.

செய்தது இவ்வளவுதான். பள்ளி விட்ட பிறகு மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். எந்தப் பக்கம் என்பது சீட்டுக் குலுக்கி. பேச எழுந்திருப்பவர் முதலில், எதிரணி கடைசியாகச் சொன்ன வாதத்தை எதிரணியே ஒத்துக்கொள்கிற மாதிரி இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று அவர்கள் தலையாட்டினால்தான் மறுக்க அனுமதி. இல்லாவிட்டால் உட்கார வேண்டும். முதல் மாதம் முழுக்க உட்கார்ந்துகொண்டேதான் இருந்தார்கள். காதில் விழுவது வேறு, வாங்கிக்கொள்வது வேறு என்பதை வகுப்பில் நான் எத்தனை சொல்லியும் புரியாத பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதி புரியவைத்தது.

இதோடு எண் நோட்டு. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வைத்திருக்க வேண்டும். எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் அது எந்தத் தேதிக்குரியது, எங்கே படித்தது என்று எழுத வேண்டும். ஊர்ப்புற நூலகத்தில் இருந்த பழைய நாளிதழ்க் கட்டுகள் எல்லாம் எங்கள் பிள்ளைகள் கைபட்டுக் கிழிந்தன. நூலகர் சத்தம் போடுவார். பிறகு அவரே வெட்டி எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

அந்த நோட்டு எங்களுக்கு முதல் பெரிய வெற்றியைத் தந்தது காவிரித் தலைப்பில். ஒரு கல்லூரி நடத்திய பள்ளிகளுக்கிடையேயான பட்டிமன்றம். காவிரிச் சிக்கலைத் தீர்ப்பது சட்டமா, பேச்சுவார்த்தையா என்பது தலைப்பு. எங்களுக்குப் பேச்சுவார்த்தை விழுந்தது. டெல்டாவில் நின்றுகொண்டு பேச்சுவார்த்தை என்று பேசுவது எதிர்நீச்சல்தான். அரங்கத்தில் இருக்கிற பாதிப் பேர் வீட்டில் தண்ணீர் வராமல் குறுவை போன கதை இருக்கும். எதிரணித் தலைவன் நன்றாகப் பேசினான். குரல் மணி. பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று தீர்ப்பு இருக்கிறது, அதைப் பெற்றுத்தந்தது சட்டம்தான் என்று முடித்தபோது நல்ல கைதட்டு.

எங்கள் பையன் எழுந்தான். பதினோராம் வகுப்பு. திக்குவாய் அல்ல, ஆனால் நிதானமாகத்தான் பேசுவான். சில நடுவர்களுக்கு அது பிடிக்காது. எதிரணி சொன்னதை இரண்டு வரியில் சொன்னான். பிறகு, “192 என்பது 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி நடுவர் மன்றம் சொன்னது. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கிவிட்டது. நண்பர் பேசியது அதற்கு முந்தின நாள் பேசியிருக்க வேண்டிய பேச்சு” என்றான். அரங்கம் சிரித்தது. அவன் அதோடு விட்டிருந்தால் அது துணுக்குத்தான். விடவில்லை. “14.75 டி.எம்.சி.யை எடுத்ததும் அவர் நம்பச் சொல்கிற அதே சட்டம்தான். 1990-இல் நடுவர் மன்றம் அமைத்தார்கள். இறுதித் தீர்ப்பு வர பதினேழு ஆண்டு. அதற்குள் எங்கள் தாத்தா காலம் முடிந்துவிட்டது. 2003-இல் இரண்டு மாநிலத்து உழவர்களும் சேர்ந்து உட்கார்ந்து காவிரிக் குடும்பம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அவர்கள் தண்ணீர் தரவில்லை. ஆனால் வறட்சி வந்தால் இருக்கிற தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். எந்த நீதிபதி நம் வயலை வந்து பார்த்தார்?”

கடைசிக் கேள்வி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கைதட்டலுக்காகக் கேட்டது என்று பிறகு சொன்னேன். நடுவருக்கு என்னவோ பிடித்துவிட்டது. முதல் பரிசு. திரும்புகிற வழியில் திருவையாற்றில் இறங்கி எல்லோருக்கும் அசோகா. ஜெயித்தாலும் தோற்றாலும் அசோகா உண்டு என்பது அணியின் எழுதப்படாத விதி. தோற்ற நாள்களில் கொஞ்சம் கூடவே வாங்குவேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பிறந்த நாள் போட்டிகளில் மாவட்ட முதலிடங்கள், சிறப்புப் பரிசுகள், கலைத் திருவிழாவில் மாவட்டத்தைத் தாண்டிப் போன ஒரு பெண். எல்லாவற்றையும் அடுக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் பையன் ஒருவன் பேச்சை மட்டும் சொல்கிறேன். உழவன் நாட்டின் முதுகெலும்பு என்று தலைப்பு. முதுகெலும்பு என்கிற சொல்லையே பேச்சில் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவன் கொள்முதல் நிலையத்தைப் பற்றிப் பேசினான். நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதற்குள் ஒரு மழை வந்தால் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, வெயில் வந்ததும் ரோட்டில் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டே நடக்க வேண்டும். ஈரம் பார்க்கிற கருவியின் முள் எங்கே நிற்கும் என்று அப்பா குவியலுக்குள் கையை விட்டே சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாக இருக்கும். அவ்வளவுதான் பேச்சு. அதில் ஓர் உவமையும் இல்லை. நடுவர்களில் ஒருவர் பட்டணத்திலிருந்து வந்த பேராசிரியர். 17 சதவீதம் என்றால் என்ன என்று போட்டி முடிந்த பிறகு அவனைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெண் பிள்ளைகள் கதை தனி. போட்டி தஞ்சாவூரில் என்றால் காலை ஏழு மணி பஸ். முடிவு அறிவிக்க மாலை ஆறு ஆகும். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்தால் ஊருக்கு வர எட்டு. எந்த அம்மாவும் முதல் தடவை சம்மதிக்க மாட்டாள். நான் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்பேன். “நீங்க கூடப் போறீங்கன்னா சரிங்க டீச்சர்” என்று அப்பாக்கள் சொல்லிவிடுவார்கள். அம்மாக்கள்தான் கடைசிவரை யோசிப்பார்கள். சாப்பாடு எங்கே, ஒதுங்க இடம் இருக்குமா என்று அவர்கள் கேட்பதெல்லாம் சரியான கேள்விகள். போட்டி நடத்துகிறவர்களில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதே இல்லை. வேறொரு புகாரும் வரும். “என்ன டீச்சர் சொல்லிக்குடுத்தீங்க? எதுத்து எதுத்துப் பேசறா. வீட்லயும் பட்டிமன்றமா இருக்கு” என்று ஓர் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். மகளுக்குப் பதினேழு வயதில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். அவள் அவர் வாதத்தை முதலில் அவரே ஒத்துக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பிறகு மறுத்திருக்கிறாள். சட்டப்படி பதினெட்டு ஆகாமல் முடியாது என்று ஆரம்பித்து, அக்காவுக்குச் செய்த சீர்க் கணக்கு வரை போயிருக்கிறாள். அவருக்குக் கோபம் பாதி, பெருமை பாதி. இப்போது அவள் திருச்சியில் சட்டம் படிக்கிறாள்.

கடைசியாக நடவுத் தலைப்பு. கல்லூரி ஒன்றில், டெல்டாவுக்குத் தேவை கை நடவா, இயந்திர நடவா என்று வைத்தார்கள். சீட்டில் எங்களுக்கு இயந்திரம். மூன்று பேரில் ஒரு பெண் மட்டும் நோட்டை மூடிவைத்துவிட்டாள். அவள் அம்மா நடவாள். ஊரில் நடவுக்கு ஆள் சேர்ப்பதே அந்த அம்மாதான்.

“நான் இதுக்குப் பேசமாட்டேன் தமிழம்மா. எங்க அம்மா சோத்துல மண்ணைப் போடச் சொல்றீங்களா?”

நான் வற்புறுத்தவில்லை. வேறு ஆளையும் போடவில்லை. உங்க அம்மாகிட்டயே கேட்டுட்டு வா, மெஷினுக்கு ஆதரவா ஏதாவது சொல்றாங்களான்னு என்று அனுப்பினேன். மறுநாள் எண் நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். காலை ஆறு மணிக்கு நாற்றுப் பறிக்கக் குனிந்தால் நிமிர்வது எப்போது, சேற்றுப்புண்ணுக்கு என்ன தடவுவது, அட்டை ஏறினால் எப்படி எடுப்பது, மாதவிலக்கு நாளில் என்ன செய்வது, நாற்பது வயதுக்கு மேல் எத்தனை பேருக்கு இடுப்பு போயிருக்கிறது என்று தெருவில் வீடு வீடாக. அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தைத் தனியாகக் கட்டம் போட்டிருந்தாள். “மெஷின் வந்தா கூலி போவும், இடுப்பு தங்கும்.”

பேச்சுக்கான எலும்புக்கூடு அந்த ஒரு வரியில் இருந்தது. பாய் நாற்றங்காலில் பதினைந்து நாள் நாற்றே போதும், வரிசை தப்பாது, ஆள் கிடைக்காமல் நடவு தள்ளிப்போய் நாற்று முற்றிப்போவதில்லை என்கிற வேளாண்மை வாதங்களை மற்ற இருவரும் பிரித்துக்கொண்டார்கள். அவள் மூன்றாவது ஆள்.

எதிரணி நடவுப் பாட்டைக் கொண்டுவந்தது. எதிர்பார்த்ததுதான். பாடியே காட்டினார்கள், நன்றாகவும் பாடினார்கள். இயந்திரம் வந்தால் இந்தப் பாட்டு அழியும், பண்பாடு அழியும் என்றார்கள். எங்கள் பெண் எழுந்து, அவர்கள் சொன்னதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, “எங்க அம்மா வயலில் பாடுவாங்க. எதுக்குப் பாடுறீங்கன்னு போன வாரம்தான் கேட்டேன். வலி தெரியாம இருக்கன்னு சொன்னாங்க. பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நாம் எல்லோரும் சேர்ந்து மேடையில் பாடலாம். எங்க அம்மா குனிந்துகொண்டேதான் பாட வேண்டும் என்பதில்லை” என்றாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் போனாள். “எதிரணி சொன்ன ஒன்றை நான் மறுக்க மாட்டேன். கூலி போகும். எங்கள் வீட்டிலேயே போகும். ஆகவே மெஷின் வேண்டும் என்பதோடு எங்கள் அணியின் வாதம் முடியவில்லை. அதை ஓட்டுகிற பயிற்சியை முதலில் நடவாள்களுக்குக் கொடுங்கள், பெண்கள் குழுவின் பெயரில் மெஷினைக் கொடுங்கள். சீட்டில் உட்கார்ந்து நடுவதற்கு எங்க அம்மாவுக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.”

நடுவர்கள் மூன்று பேர். இரண்டுக்கு ஒன்று என்று எங்களுக்கு வந்தது. எதிராக மதிப்பெண் போட்டவர், எதிரணி சொன்னதை ஒத்துக்கொண்டால் அது வாதத்தில் விட்டுக்கொடுத்ததாகத்தான் கணக்கு என்று எழுதியிருந்தார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. பழைய பட்டிமன்ற இலக்கணம் அப்படித்தான். ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு ஓட்டு வந்திருக்காது என்பது என் கட்சி. இதைப் பற்றி அணிக்குள் இன்றுவரை சண்டை ஓயவில்லை.

ராத்திரி அவளை வீட்டில் விடப் போயிருந்தேன். கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் அம்மா கேட்டார்.

“செயிச்சீங்களா?”

“ஜெயிச்சோம்மா.”

“என்ன பேசி?”

“மெஷின்தான் வேணும்னு.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏன் டீச்சர், வடக்குத் தெருவுல நாளைக்கு எட்டு ஆளுக்கு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். போவவா, வேணாமா?” என்றார்.